38 நாள் குழந்தை, ஓயாத கக்கல்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் குழந்தைகளுக்கென்று ஒரு சிறிய கிளினிக் நடத்துகிறேன். என்னிடம் வரும் கைக்குழந்தைகளில் பல, 'பால் கக்குது' என்ற முறையீட்டோடுதான் வருகின்றன. இந்தக் குழந்தையும் அப்படித்தான் வந்தது. முதல் தடவை நான் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு, அதன் விலையை அந்தத் தாய் கொடுத்தாள். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அவளுடைய சம்மதம் இருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் வருகை, 25ஆம் நாள்

தலைப்பிரசவம். 39 வாரம் நிறைந்து சுகப்பிரசவம். ஆண் குழந்தை, பிறந்த எடை 2.900 கிலோ. பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டிருக்கிறார்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலும் கொடுத்திருக்கிறார்கள். 4ஆம் நாள் எடை 2.720. முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படிக் கொஞ்சம் இறங்கும். 12ஆம் நாள் 2.950; பிறந்த எடையைத் தாண்டியாயிற்று.

தாய்க்கு 24 வயது. பேறுகாலத்துக்கு மேலூர் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கூட வந்த அம்மாச்சிதான் பேசினார். "குடிச்ச பாலையெல்லாம் கக்கிப்புடுறான் டாக்டரம்மா. வயித்துல ஒண்ணுமே நிக்கல."

எடை போட்டேன். 3.520. அதாவது 13 நாளில் 570 கிராம், நாளுக்கு 44 கிராம். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே போதும். பால் நிற்காத உடம்பில் இப்படிச் சதை போடாது. வயிறு மென்மையாக இருந்தது, உச்சிக்குழி சரியாக இருந்தது, நாளுக்கு எட்டு ஒன்பது தடவை சிறுநீர் போகிறான் என்றார்கள். "கக்குற பிள்ளை தக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்று அம்மாச்சியிடம் கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. அனுப்பிவிட்டேன். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

அந்தப் பழமொழி பொய்யில்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. உள்ளே போன பால் மேலே வராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பச்சிளம் குழந்தைக்கு அந்தப் பிடி இன்னும் கைகூடவில்லை. விழுங்காத நேரத்திலும் தானாகச் சில நொடிகள் தளர்ந்து கொடுக்கும். உணவுக்குழாயோ குட்டை. சாப்பாடு முழுக்கத் திரவம். நாளெல்லாம் படுக்கை. பால் மேலே வராமலிருந்தால்தான் ஆச்சரியம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒரு தடவையாவது கக்கும். நாலாம் மாதத்தில் இது உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய மூன்றில் இரண்டு குழந்தைகளைப் பிடிக்கும். பத்து, பன்னிரண்டு மாதத்தில் 20 குழந்தைக்கு ஒன்று என்று குறைந்துவிடும். இது எதுக்களிப்பு, நோயல்ல. எடை ஏறாமல் போனாலோ, குழந்தை வலியால் பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சுக்குழலைத் தொந்தரவு செய்தாலோதான் அதை எதுக்களிப்பு நோய் என்போம்.

ஆகவே, கணக்கு சரி. ஆனால் அன்று அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. தோளில் போட்டிருந்த துண்டு முழுக்க நனைந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம். எடை தாளைப் பார்த்த நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பால் கொடுப்பதையும் பார்க்கவில்லை.

நடுவே 13 நாள்

இந்தப் பகுதியை அவள் வாயால் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கக்கல் நிற்கவில்லை. அதோடு அழுகையும் கூடியது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து வரை ஓயாது. 'பால் பத்தல, அதான் அழுகுறான்' என்று ஒரு பெரியம்மா சொல்ல, பால் சுரக்க சுறாப்புட்டும் பூண்டும் தட்டில் ஏறின. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி காலையும் மாலையும். 'உரம் விழுந்திருக்கு', அதாவது சுளுக்கு, என்று இன்னொருவர் சொல்ல, பால் குடித்துக் கால்மணி நேரம்கூட ஆகாத பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டினார்கள். அவன் மூக்கு வழியாகப் பால் கொட்ட, வீடே பதறிப்போனது. வசம்பும் மாசிக்காயும் உரைத்து நாக்கில் தடவினார்கள். கிரைப் வாட்டர் வந்தது. வேறொரு இடத்தில் காட்டியபோது வாந்தியை நிறுத்த டோம்பெரிடோன் சொட்டு மருந்து எழுதினார்கள். பால் கொடுப்பதை அங்கேயும் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ராத்திரிக்கு ஒரு புட்டி மாவுப்பால்.

ஒவ்வொருவரும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் செய்தார்கள். அதில் எனக்குத் துளி சந்தேகமுமில்லை. ஆனால் வரிசையாகப் பாருங்கள்: அழுதால் பசி, பசித்தால் பால், பால் மிஞ்சினால் கக்கல், கக்கினால் அழுகை. அந்தச் சக்கரத்தில் எல்லோரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

38ஆம் நாள்

அன்று காலை கக்கிய பாலில் பழுப்பும் சிவப்புமாக இழை இழையாக இருந்தது. ரத்தம். அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். வந்தவள் முதலில் சொன்னது இதுதான்: "எம் பாலு இவனுக்கு ஒத்துக்கலையாம் டாக்டர். நிறுத்திரவா?"

எடை 4.120. மறுபடியும் 13 நாளில் 600 கிராம் ஏறியிருந்தான். காய்ச்சல் இல்லை. சுறுசுறுப்பாக இருந்தான். வயிறு உப்பவில்லை. மலம் பச்சையாக, நுரைத்து, பீச்சியடித்துப் போகிறது என்றார்கள். மலத்தில் ரத்தமோ சளியோ இல்லை. தோலில் கரப்பான் படை இல்லை.

தலைப்பிள்ளை, ஆண், ஐந்து வார வயது, வாந்தி. இந்த நாலும் சேர்ந்தால் எந்தக் குழந்தை மருத்துவருக்கும் இரைப்பை வாய்ச்சுருக்கம் நினைவுக்கு வந்தாக வேண்டும். இரைப்பையின் அடிவாய்த் தசை தடித்துப் பால் கீழே இறங்காமல் போவது அது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் தலைகாட்டும், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நாலு மடங்கு அதிகம். அதில் வாந்தி வழியாது, பாய்ந்து எட்டி விழும். ஒவ்வொரு வேளைக்கும் அப்படியே. நாளுக்கு நாள் மோசமாகும், எடை நின்றுவிடும், சிறுநீர் குறையும். இவனுக்குப் பால் வாயோரமாக வழிந்தது, சில நேரம் குபுக்கென்று ஒரு வாய் வந்தது, அவ்வளவுதான். எடை இப்படி ஏறுகிற பிள்ளைக்கு அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் பால் குடிக்கும்போது வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் இந்த முறை என்னைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது.

பால் கொடுப்பதைப் பார்த்தது

உள்ளறையில் உட்கார வைத்தேன். காலை வேளை, மார்பு கனத்திருந்தது.

அவள் குனிந்து, குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்த மாதிரி பிடித்தாள். காம்பின் நுனியை மட்டும் கவ்வினான். முக்கால் நிமிடம் லேசாக உறிஞ்சினான். அப்புறம் பால் இறங்கியது. இறங்கியது என்பதைவிடப் பீறிட்டது என்று சொல்ல வேண்டும். அவன் கடகடவென்று விழுங்கினான், இரண்டு வாய்க்கு ஒரு தடவை 'டக் டக்' என்று நாக்கு விலகும் சத்தம், மூச்சுவிட இடமில்லை, கண் விரிந்தது, கை இரண்டும் விறைத்தன. புரை ஏறி இருமி, முதுகை வில்லாக வளைத்துக் காம்பை விட்டான். பால் அவன் முகத்திலும் அவள் சேலையிலும் தெறித்தது. அவள் அவசரமாகத் துடைத்துவிட்டு மறுபடி திணித்தாள். இப்போது அவன் ஈறால் காம்பை நறுக்கென்று கடித்துப் பிடித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பால் வேகத்தை மட்டுப்படுத்த அந்தச் சின்ன உயிருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஏழு நிமிடத்தில் விட்டான். எடை பார்த்தேன்: 95 கிராம் கூடியிருந்தது. "ரெண்டு பக்கமும் குடுக்கணும்னு சொன்னாங்க" என்று உடனே இடப்பக்கம் மாற்றினாள். அங்கேயும் அதே பீறிடல். நாலு நிமிடத்தில் இன்னும் 45 கிராம். மொத்தம் 140 மி.லி., பதினொரு நிமிடத்தில். இந்த வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 600 முதல் 800 மி.லி. போதும். இவன் நாளுக்கு 14 தடவை குடிக்கிறான். வகுத்துப் பார்த்தால் ஒரு வேளைக்கு 43இலிருந்து 57 மி.லி.க்குள்தான் வேண்டும்.

மடியில் மல்லாத்திய உடனே கக்கினான். இருபது நிமிடத்தில் கையைச் சப்பினான். "பாருங்க, மறுபடி பசிக்குது" என்றார் அம்மாச்சி. அது பசியில்லை. சப்புவது குழந்தைக்கு ஆறுதல். ஆனால் சப்பக் கிடைக்கும் ஒரே இடத்தில் பாலும் சேர்ந்து கொட்டுகிறது, அதனால் ஆறுதல் கேட்டவனுக்கு மறுபடி 100 மி.லி. கிடைக்கிறது.

வலது காம்பில் அடிப்பக்கமாக நீள வெடிப்பு, ஓரத்தில் உலர்ந்த ரத்தம். அந்தப் பக்கத்துப் பாலைக் கொஞ்சம் பாலாடையில், அதாவது பால் புகட்டும் சிறு கிண்ணத்தில், பீய்ச்சச் சொன்னேன். இளஞ்சிவப்பாக வந்தது. குழந்தை கக்கிய ரத்தம் அவளுடைய ரத்தம். பாலாடையைக் காட்டியபோது அவள் அழுதுவிட்டாள். பயம் போன அழுகை அது என்று நினைக்கிறேன். 13 நாளாக அந்த வெடிப்போடு கொடுத்திருக்கிறாள், ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அப்புறம் ஒன்று செய்தேன், இப்போது எல்லோருக்கும் செய்கிறேன். அதே பாலாடையிலிருந்து 10 மி.லி. பாலைக் காய்ந்த துண்டில் ஊற்றினேன். பெரிய வட்டமாகப் பரவியது. "இவ்வளவு கக்குறானா?" என்று கேட்டேன். "இதவிடக் கம்மிதான்" என்றாள். குடித்ததெல்லாம் போய்விடுகிறது என்று பயந்திருந்த அம்மாச்சி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கக்கிய பால் தயிர் மாதிரி திரிந்து புளித்த வாடை அடிப்பதும் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. பால் கெட்டுப்போனதாக நினைத்திருந்தார். இரைப்பைக்குள் போன பால் திரிவதுதான் செரிமானத்தின் முதல் படி.

என்ன முடிவு செய்தேன், ஏன்

இது எதுக்களிப்புதான், நோயல்ல; அதைப் பெரிதாக்கியது பால் அதிகம் சுரப்பதும் வேகமாக இறங்குவதும். பச்சை நுரை மலத்துக்கும் அதுவே காரணம். மார்பு நிறைந்திருக்கும்போது முதலில் வருவது கொழுப்புக் குறைந்த, இனிப்புச் சத்து உள்ள பால். இரண்டு பக்கமும் அதையே வேகவேகமாகக் குடித்தால் அது குடலில் விரைந்து இறங்கும். செரியாத பால்சர்க்கரை நொதித்து வாயுவாகும், நுரையாகும். சாயங்கால அழுகையில் ஒரு பங்கு இதனால். இன்னொரு பங்கு வயதினால். எதுக்களிப்பே இல்லாத குழந்தைகளுக்கும் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும்.

மாட்டுப்பால் புரத ஒவ்வாமையை யோசித்தேன்; தாய் சாப்பிடும் மாட்டுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே போய்க் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் இருப்பது அது. அப்படியென்றால் தாய் இரண்டு முதல் நாலு வாரம் பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டுப் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தமில்லை, கரப்பான் இல்லை, எடை நன்றாக ஏறுகிறது. ஏற்கெனவே பத்தியம் என்று பாதிச் சாப்பாட்டை விலக்கி வைத்திருக்கும் பெண்ணின் தட்டிலிருந்து, தக்க காரணம் இல்லாமல் இன்னும் ஒன்றை எடுப்பதை நான் செய்யமாட்டேன்.

சொட்டு மருந்தை நிறுத்தினேன். டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் எழுதவில்லை. பால் குடித்ததும் அழுகிற 162 குழந்தைகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், அமிலத்தைக் குறைக்கும் லான்சோப்ரசோல் கொடுத்த பாதிப் பேரிலும் மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து கொடுத்த மீதிப் பேரிலும் ஒரே அளவாக 54 விழுக்காட்டினர் தேறினார்கள். நெஞ்சுச் சளித் தொற்று போன்ற கடும் பாதிப்புகள் மருந்து கொடுத்த பக்கத்தில்தான் அதிகம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தை அடிக்கடி கக்கி மிகவும் துன்பப்பட்டால், முதலில் பயிற்சி பெற்ற ஒருவர் பால் கொடுக்கும் முறையை மதிப்பிட வேண்டும் என்கிறது. அதற்கும் கேட்காவிட்டால்தான் ஆல்ஜினேட் என்ற, இரைப்பையில் பாலைக் கெட்டிப்படுத்தும் மருந்து. நான் 25ஆம் நாள் தவறவிட்டது இந்த முதல் படியை.

மாவுப்பால் புட்டியை நிறுத்துவது சுலபமாக இருந்தது. தாய்ப்பால் இரைப்பையை விட்டு வேகமாக இறங்கும், மாவுப்பால் கூடுதல் நேரம் தங்கும். கக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவது தலைகீழான வைத்தியம். கிழங்குப் பொடியையும் விடச் சொன்னேன். நிரம்பி வழியும் குடத்துக்கு எதற்கு இன்னொரு செம்பு?

வீட்டில் செய்தவை

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, குழந்தையைத் தன் வயிற்றின்மேல் கவிழ்த்த வாக்கில் போட்டுக் கொடுக்கப் பழக்கினேன். அப்போது பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் தணியும். புரை ஏறினால் அவனே தலையைத் தூக்கி விலகிக்கொள்வான். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் அடிப்பக்கம் நிறைய உள்ளே போகும்படி கவ்வ வைத்ததும், "வலிக்கலையே" என்று அவளே ஆச்சரியப்பட்டாள். பால் பீறிடும்போது ஒரு நிமிடம் விலக்கி, துண்டில் வழியவிட்டு, பிறகு கொடுக்க வேண்டும்.

அடுத்தது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு பக்கம் மட்டும். அதற்குள் எத்தனை தடவை கேட்டாலும் அதே பக்கம். மறுபக்கம் கனத்தால் வலி தணியும் அளவு மட்டும் பீய்ச்சலாம், முழுக்க வடிக்கக் கூடாது. இது பால் சுரப்பையே குறைக்கும் முறை. ஆகவே எல்லோருக்கும் சொல்வதில்லை. முதல் மாதத்தில் கூடவே கூடாது, எடையை விடாமல் பார்க்காமலும் கூடாது.

குடித்ததும் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். ஏப்பம் வராவிட்டாலும் பரவாயில்லை, தட்டித் தட்டிக் குலுக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது பால் கொடுப்பதற்கு முன்னால். குளித்தபின் சாம்பிராணிப் புகை வேண்டாம். அப்பா பீடி குடிப்பவர்; வீட்டு வாசலுக்குள் வேண்டாம் என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

தூக்கம்தான் கடினமாக இருந்தது. கக்கும் பிள்ளையை மல்லாக்கப் போட்டால் புரை ஏறிச் செத்துவிடும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் மிகப் பழையது. கவிழ்த்தோ ஒருக்களித்தோ தலையணை வைத்தோதான் படுக்க வைப்பார்கள். ஒரு தாளில் வரைந்து காட்டினேன். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழாய் கீழே. மேலே வந்த பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் ஏற வேண்டும். கவிழ்ந்தால் அதுவே தலைகீழ். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கம் தொடங்கியபின் தொட்டில் மரணங்கள், அதாவது காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறப்பது, ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. புரையேறிச் சாவது கூடவில்லை. தூளியில் உடம்பு மடங்கி, வயிறு அழுந்தி, தாடை நெஞ்சில் முட்டும். பாயில், சமமாக, மல்லாக்க, தாயின் பக்கத்தில் என்றேன். தூளியை வேண்டாம் என்று ஒரு அம்மாச்சியிடம் சொல்வது லேசான காரியமில்லை. "இவ அம்மா நானு, இவளத் தூளியிலதான் வளத்தேன்" என்றார். "சரிதான் அம்மா, இவன் கக்குறது நிக்குற வரைக்கும்" என்று கேட்டுக்கொண்டேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

எதற்கெல்லாம் நடுராத்திரியானாலும் ஓடிவர வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தேன்: பச்சை நிறத்தில் வாந்தி, ஒவ்வொரு வேளையும் பாய்ந்து விழும் வாந்தி, காம்பு ஆறியபிறகும் ரத்தம், வயிறு உப்பல், காய்ச்சல், துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல், ஆறு தடவைக்குக் குறைவான சிறுநீர், பால் குடிக்கவே மறுப்பது. இதில் பச்சை வாந்தி முதன்மையானது. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது.

அதன் பிறகு

41ஆம் நாள் ராத்திரி ஃபோன் வந்தது. இடது மார்பில் கல் மாதிரி கட்டி. மூன்று மணி நேரம் நல்லது என்றால் ஆறு மணி நேரம் இன்னும் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. உடனே அந்தப் பக்கம் கொடுக்கச் சொல்லி, பிறகு ஈரத்துணியால் குளிர்ச்சி வைக்கச் சொன்னேன். காலையில் கரைந்துவிட்டது. அன்று முதல், நேரத்தைத் தாளில் எழுதித்தான் தருகிறேன்.

45ஆம் நாள், ஆறு வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது 4.350, வாரத்தில் 230 கிராம். கக்கல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டிலிருந்து நாலைந்தாகக் குறைந்திருந்தது. மலம் மஞ்சளாகிவிட்டது. காம்பு ஆறிவிட்டது, ரத்தம் பிறகு வரவேயில்லை. சாயங்கால அழுகை மட்டும் அப்படியே இருந்தது. அது குறைய இன்னும் ஒரு மாதமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் மருந்து தேடிப் போகவில்லை. 52ஆம் நாளோடு ஒரு பக்க முறையை நிறுத்தினோம். 59ஆம் நாள் 4.700, நாளுக்கு 25 கிராம். முன்பு 46 ஏறிய பிள்ளைக்கு இப்போது 25தானா என்று அம்மாச்சி முகம் வாடியது. இதுதான் சரியான ஏற்றம் என்று வரைபடத்தில் கோட்டைக் காட்டினேன்.

நாலாம் மாதம் கவிழத் தொடங்கியதும் கக்கல் மறுபடி கூடியது. வயிற்றின் மேல் அழுந்திப் புரள்கிறான், கக்குகிறான். எடை 6.400. சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தான். ஒன்றும் செய்யவில்லை. இந்த முறை "கக்குற பிள்ளை தக்கும்" என்று சொன்னது அவள்தான். ஆறு மாதம் முடிந்து கேப்பைக் கூழ் ஆரம்பித்ததும் குறைந்தது.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு வந்தான். எடை 8.300. யாரும் பிடிக்காமல் உட்கார்ந்து என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். எப்போதாவது, கூழ் குடித்துக் குதித்தால் கொஞ்சம் வரும் என்றாள். உள்ளறையில் வேறொரு பெண், 19 நாள் குழந்தையோடு, சாய்வு நாற்காலியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்; நான் பார்க்கப் போக வேண்டியிருந்தது. இவள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாஞ்சுக்கக்கா" என்றாள்.